குளக்கட்டில் ஏறும்போது தாடை உளைகிறது

ஐயா, குளக்கட்டில் ஏறும்போது தாடை உளைகிறது என்று எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம் உங்கள் மூச்சுத்திறனை, அதாவது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் அளவை, 29 என்று காட்டுவதை விடுங்கள். நாடித்துடிப்பையும் நடைவேகத்தையும் வைத்து அது போடும் கணக்கு அது. உண்மையில் அளப்பதென்றால் முகமூடி மாட்டி ஓடவிட்டு, மூச்சில் ஒட்சிசனை அளக்கவேண்டும். 57 வயதில் அந்த எண்ணுக்குப் பயப்படவும் தேவையில்லை.

வயதோடு மூச்சுத்திறன் இறங்கத்தான் செய்யும். முப்பதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 10 வீதம். 25 வயதில் இதயம் உச்சத்தில் நிமிடத்துக்கு 190 தடவை அளவில் துடிக்கும். உங்கள் வயதில் 168 அளவில்தான். தசையும் குறைகிறது. அன்று நெல்மூட்டையோடு நடந்தவர் இன்று வெறுங்கையோடு மூச்சு வாங்கினால், அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்திருந்தால் சரி.

உங்களுக்கு வந்திருப்பது அதுவல்ல. இரண்டு கிழமையாக இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினால் பாதியில் இடது தாடை உளைகிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் விடுகிறது, பல்லுக் காட்டவேண்டும் என்கிறீர்கள். பல்வலிக்கு மேடும் பள்ளமும் தெரியாது, ஐயா. ஏறும்போது வந்து, நின்றால் விடுகிற உளைவு பெரும்பாலும் இதயத்துக்கு இரத்தம் போதாமல் வருவது. நெஞ்சு நோகவேண்டும் என்றில்லை. தாடையிலோ தோளிலோ மட்டும் வரலாம். சலரோகக்காரருக்கு வெறும் இளைப்பாகவும் வரும். புதிதாக இப்படித் தொடங்கினால் மாரடைப்பு பக்கத்தில் நிற்கிறது என்றுதான் வைத்தியர்கள் நாங்கள் எடுப்போம்.

பாமசியில் வாங்கிய காஸ்ட்ரிக் குளிசையும் முகநூலில் பார்த்த உள்ளித் தண்ணீரும் உங்கள் இரண்டு கிழமையைத் தின்றுவிட்டன. எனக்கு அதுதான் கோபம். இன்றே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஓட்டோவில், யாரையாவது கூட்டிக்கொண்டு. சும்மா இருக்கும்போதே உளைவு வந்தாலோ, 15 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஓட்டோ தேடவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி சுத்தமாக வரலாம். அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். குளக்கட்டில் ஏறும்போது நடப்பதை விளக்கிச் சொல்லுங்கள். அப்பா 52 வயதில் வயலிலேயே சரிந்தார் என்று கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்களே, அங்கே அதை முதலில் சொல்லுங்கள்.