பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மகன் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓட்டிசமாக இருக்குமா?

இரண்டரை வயது மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கதைப்பதும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் மட்டக்களப்பு கல்லடியில் ஓட்டிசம் (பேச்சும் மற்றவரோடு பழகும் விதமும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள மகனை வளர்க்கும் தாய். முதலில் காதைப் பரிசோதியுங்கள். கேட்டல் குறைவும் இப்படித்தான் தெரியும். உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். "ஆம்பிளைப் பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும்" என்ற சொந்தக்காரரின் பேச்சை நம்பி நான் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஓட்டிசம் தடுப்பூசியால் வருவதல்ல. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றுவிட்டது. உங்கள் வளர்ப்பும் காரணமில்லை.

வீட்டில் கேள்வி கேட்டுத் துளைக்காமல், அவன் பார்ப்பதைச் சொல்லுங்கள். என் மகனுக்கு ஃபேன் சுற்றுவதுதான் உலகம். பக்கத்தில் இருந்து "சுத்துது... நிண்டுட்டு" என்பேன். நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ஒருநாள் என் கையைப் பிடித்து சுவிட்சுக்குக் கொண்டுபோனான். சொல் வரவில்லை, ஆனால் கேட்டான்! அன்று நான் அழுதுவிட்டேன்.

மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவில் மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக் கத்துவான். இப்போது முதல்நாளே கோயில் குளத்தின் படத்தைக் காட்டிவிட்டு, கூட்டம் சேருமுன் விடியவே போய் வருகிறோம்.