வைக்கற்போருக்குள் வெங்கிணாந்தி முட்டை: கோழி இன்கியூபேற்றரில் வைக்கலாமா?

கேள்வி (தம்பலகாமத்திலிருந்து ஒரு விவசாயி):

பெரும்போகத்து வைக்கலை வளவு மூலையில் போராகக் குவித்திருக்கிறேன். மாட்டுக்கு வைக்கல் இழுக்கப் போனபோது, அடியில் பத்தடி வரும் ஒரு வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்தது. இருபதுக்கு மேல் முட்டை இருக்கும். என்னிடம் தானாகப் புரட்டும் கோழி இன்கியூபேற்றர் உண்டு. கனடாவில் இருக்கும் மைத்துனர் பால் பைதன் (ball python) என்ற பாம்பு வளர்த்துக் குஞ்சு எடுப்பவர். 32 பாகையில் வைத்தால் இரண்டு மாதத்தில் பொரிக்கும் என்கிறார். மகனுக்கும் இரண்டு குஞ்சு வளர்க்க ஆசை. முட்டையை எடுக்கலாமா? பக்கத்தில் முப்பது ஊர்க்கோழி நிற்கிறது, தாய்ப் பாம்பால் ஆபத்து வருமா?

பதில்:

எடுக்க வேண்டாம் ஐயா. எடுத்தால் முட்டை பழுதாகும், வழக்கும் வரும். உங்கள் மைத்துனர் சொன்னது பொய்யில்லை. அவருடைய பாம்புக்கும் அவருடைய ஊருக்கும் அது சரி. தம்பலகாமத்துத் தகரக் கொட்டிலுக்குச் சரிவராது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வெங்கிணாந்தி 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பது, கொல்வது, முட்டையை எடுப்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாம் குற்றம். சொந்த வளவுக்குள் கிடந்தாலும் அது உங்கள் உடைமை ஆகாது. பால் பைதன் நம் நாட்டுப் பாம்பல்ல. கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆபிரிக்க நாடுகளிலும் மத்திய ஆபிரிக்காவிலும் வாழ்வது. அதைக் கொண்டுவருவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மைத்துனர் அடுத்த முறை வரும்போது பயணப் பெட்டிக்குள் ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரலாம் என்று மகன் நினைத்தால் அந்த நினைப்பையும் இப்போதே நிறுத்திவிடுங்கள்.

இனி முட்டைக்கு வருவோம். கோழி முட்டைக்குள் மஞ்சட்கருவை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் முறுக்கிய வெண்ணிற நார் உண்டு. முட்டையைப் புரட்டும்போது மஞ்சட்கரு உள்ளே சுழன்று, கரு எப்போதும் மேலே வந்து நிற்கும். பாம்பு முட்டையில் அந்த நார் கிடையாது. இட்டு ஒரு நாள் கழிவதற்குள் கரு மேற்பக்கத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டை கவிழ்ந்தால் இரத்தக் குழாய்கள் கிழியலாம், மஞ்சட்கருவின் பாரம் கருவின்மேல் விழுந்து அதை அமுக்கலாம். உங்கள் பெட்டி ஒரு நாளில் பல தடவை புரட்டும். முதல் நாளே கதை முடிந்துவிடும். புரட்டும் தட்டைக் கழற்றிவிட்டு வைக்கலாமே என்பீர்கள். கழற்றினாலும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வழியில்லை.

கோழி முட்டைக்கு 37.5 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 50 முதல் 60 சதவீதம், 21 நாள். வெங்கிணாந்தி, பால் பைதன் முட்டைகளுக்கு 31 முதல் 32 பாகை, ஈரப்பதன் 90 சதவீதத்துக்கு மேல், ஏறத்தாழ 55 முதல் 60 நாள். கோழிப் பெட்டியின் சூட்டில் பாம்பு முட்டை அவிந்துவிடும். 34 பாகைக்கு மேல் நீடித்தாலே முதுகெலும்பு வளைந்த குஞ்சு பிறக்கும், பல கரு முட்டைக்குள்ளேயே சாகும். ஈரம் குறைந்தால் தோல்போன்ற ஓடு குழிந்து சுருங்கும். முட்டையின் மேலேயே தண்ணீர் ஊற்றி நனைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மைத்துனரின் முறை அங்கே ஏன் பலிக்கிறது? கனடாவில் வீட்டு அறை 20, 22 பாகையில் நிற்கிறது. தேர்மோஸ்ரற் சூட்டை ஏற்றினால் போதும், பெட்டி 31.5இல் நிற்கும். உங்கள் கொட்டிலோ கச்சான் காற்று அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரையான காலத்தில் பகலில் தானாகவே 35ஐத் தாண்டும். இன்கியூபேற்றருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிராக்கத் தெரியாது. அறை 35இல் இருந்தால் 31.5 என்று எவ்வளவு சரியாகத் திருகி வைத்தாலும் உள்ளே 35தான். கோழிக் குஞ்சு எடுக்கும்போது நமக்கு இந்தச் சிக்கல் தெரிவதில்லை. அதற்கு வேண்டிய சூடு வெளிச் சூட்டைவிடப் பெரும்பாலும் அதிகம்.

தாய்ப் பாம்பு இதைக் கையில்லாமல் செய்கிறது. முட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, அவை ஒட்டிக்கொண்ட பிறகு அவற்றைச் சுற்றி வளையமாகப் படுக்கும். வளையத்தை இறுக்கினால் ஈரம் உள்ளே நிற்கும், தளர்த்தினால் சூடு வெளியேறும். இரவில் குளிர்ந்தால் உடற்தசையைத் துடிக்கவைத்துத் தானே வெப்பம் உண்டாக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் விக்கல் எடுப்பதுபோல் தெரியும். வெங்கிணாந்தி இனத்துக்கு உள்ள ஆற்றல் அது. பால் பைதன் முட்டையைச் சுற்றிப் படுக்குமே தவிர இப்படித் துடித்துச் சூடாக்குவதில்லை. அதை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் முட்டையைத் தாயிடமிருந்து எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள்.

மகனுக்குப் பாம்பு வளர்க்க ஆசை என்பதால் பால் பைதனின் வளர்ப்பையும் கொஞ்சம் சொல்கிறேன். வெறும் காணொளியில் பார்ப்பதற்கும் கணக்கோடு அறிவதற்கும் வித்தியாசம் உண்டு. வளர்ந்த பால் பைதன் மூன்றடி முதல் ஐந்தடி வரை வரும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருளும், பெயர் அதனால் வந்தது. கூட்டின் ஒரு பக்கம் 31 முதல் 32 பாகை, மறுபக்கம் 25 முதல் 27 பாகை, ஈரப்பதன் 55 முதல் 65 சதவீதம், இரண்டு பக்கமும் உடல் இறுக்கமாக அடங்கும் ஒளிவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். குஞ்சுக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் நிறையுள்ள எலி, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு தடவை. வளர்ந்ததுக்கு இடைவெளி கூடும். பட்டினி கிடப்பதில் இந்தப் பாம்பு கெட்டிக்காரி. இணைசேரும் காலத்தில் ஆண் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். எடை பெரிதாக இறங்காதவரை பயப்படுவதற்கில்லை.

பெண் 1,500 கிராம் எடையும் ஏறத்தாழ மூன்று வயதும் ஆன பிறகே இணைசேர்க்க வேண்டும். மெலிந்த பெண்ணை அவசரப்பட்டுச் சேர்த்தால் முட்டை உள்ளே தங்கிப் பாம்பே சாகலாம். ஆணுக்கு 600, 700 கிராம் போதும். குளிர்மாதங்களில் இரவுச் சூட்டைச் சில பாகை குறைத்து, ஆணைப் பெண்ணின் கூட்டில் இரண்டு மூன்று நாள் விட்டு எடுப்பார்கள். சினைப்பட்ட பெண் ஒரு தடவை தோல் உரிக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 30 நாளில் முட்டை இடும். ஒரு தடவைக்கு ஐந்து, ஆறு முட்டைதான் வழக்கம்.

முட்டையை இட்டபடியே, மேற்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டு, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வெர்மிகுலைற் என்னும் ஈரம் பிடிக்கும் கனிமத் துகளும் தண்ணீரும் சம எடையில் கலந்த படுக்கையில் வைப்பார்கள். கையில் பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பெட்டியை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மூடி திறந்தால் காற்றுக்குப் போதும். இருட்டில் டோர்ச் அடித்தால் நல்ல முட்டையில் செந்நிற நரம்பு தெரியும். மஞ்சளாய், மெழுகுபோல் சிறுத்திருப்பது கூமுட்டை. கடைசி வாரங்களில் முட்டை கொஞ்சம் குழிவது இயல்பு, தொடக்கத்திலேயே குழிந்தால் ஈரம் போதவில்லை. குஞ்சு ஓட்டைக் கீறித் தலையை நீட்டியபின் ஒரு நாள், இரண்டு நாள் உள்ளேயே கிடந்து மிச்ச மஞ்சட்கருவை உறிஞ்சும். அப்போது இழுத்து வெளியே எடுத்தால் தொப்புள் கிழியும்.

நிற வகைகளுக்காக இனங்கலப்பதில் ஒரு கெடுதலும் உண்டு. ஸ்பைடர் என்று சொல்லும் வகைக்கு அந்த நிறத்தோடு தலை ஆடும் நரம்புக் குறையும் சேர்ந்தே வருகிறது. அழகுக்காக அதை இன்னும் பெருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் வெங்கிணாந்திக்குப் பொருந்தாது. முட்டையிலிருந்து வரும்போதே அதன் குஞ்சு ஒன்றரை, இரண்டடி இருக்கும். மூன்று வருடத்தில் உங்கள் மகனால் தனியாகத் தூக்க முடியாத பாம்பு. எலியில் தொடங்கி, கோழி, ஆட்டுக்குட்டி என்று கேட்கும்.

இப்போது செய்ய வேண்டியது இது. பாம்புக்கு மேலிருந்த வைக்கலை இழுத்திருந்தால், நீண்ட தடியால் மெதுவாக அதே இடத்தில் தள்ளி மூடிவிடுங்கள். உருண்டு வெளியே வந்த முட்டை ஒன்று கிடந்தாலும் கையால் தொட வேண்டாம். போரைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டி நாயையும் பிள்ளைகளையும் மறித்துவிடுங்கள். அந்தப் பக்கம் தீ மூட்டவே கூடாது. மாட்டுக்கு வைக்கல் வேண்டுமென்றால் மறுமுனையில் மேலிருந்து எடுங்கள், அடியில் கை விட வேண்டாம். பிறகு வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கிராம சேவகர் மூலம் அறிவியுங்கள். இருந்த இடத்திலேயே விடுவதா, மாற்றுவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கோழிக்கு இந்தத் தாயால் இப்போதைக்கு ஆபத்துக் குறைவு. அடைகிடக்கும் காலத்தில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. ஆபத்து அதற்குப் பிறகுதான், தாய் பசியோடு எழும்பும் நாளில். அதற்குள் கூட்டைச் சரிசெய்யுங்கள். ஆறுகோணக் கோழிவலை வேண்டாம். ஒரு அங்குலக் கண்ணுக்குள் சிறு பாம்பு நுழையும், பெரியது பலங்கொண்டு நெளித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள ஒட்டுக் கம்பிவலையை அடியில் ஓர் அடி மண்ணுக்குள் இறக்கி, நுனியை வெளிப்பக்கம் மடித்துப் புதையுங்கள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பலகை அடியுங்கள். முகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள வெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பாம்பு மறப்பதில்லை. நெல்லையும் கோழித் தீவனத்தையும் மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். எலி போனால் பாம்பு வருவதற்குப் பாதிக் காரணம் போய்விடும்.

பினாயில், உள்ளிக் கரைசல் தெளிப்பதில் காசு செலவழிக்க வேண்டாம். கரையோர ஊர்களில் செய்வதுபோல் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டுவதையும் தவிருங்கள். அதில் சிக்கும் பாம்பு அறுபட்டுச் சாகும், அவிழ்க்கப் போகிறவர் கடிபடுவார். வெங்கிணாந்திக்கு நஞ்சில்லை. ஆனால் பின்னோக்கி வளைந்த பற்கள் நிறைய உண்டு. கடிபட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்புவலி ஊசிக்குப் போக வேண்டும்.

மகனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: வயலில் திட்டுத்திட்டாய் ஒரு சிறு பாம்பைக் கண்டால் வெங்கிணாந்திக் குஞ்சு என்று கையில் எடுக்கக் கூடாது. நஞ்சுள்ள புடையன் (கண்ணாடி விரியன்) குட்டியும் தூரப் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். புடையனுக்கு முதுகில் முட்டைவடிவப் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஒழுங்காக ஓடும், தலை முக்கோணம், சீறல் குக்கர் நீராவிபோல் பலமாகக் கேட்கும். வெங்கிணாந்தியின் திட்டுகள் பெரிது, ஓரம் கோணல்மாணல், தலைமேல் ஈட்டி முனைபோல் ஓர் அடையாளம் உண்டு. புடையன் முட்டையிடாது, குட்டிதான் போடும். அதனால் உங்கள் போருக்குள் இருப்பது புடையன் முட்டையோ என்ற பயம் வேண்டாம். புடையன் கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே கந்தளாய் ஆதார வைத்தியசாலைக்கோ திருகோணமலை பொது வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.

மகனுக்கு எதையாவது பொரிக்கவைத்துப் பார்க்கும் ஆசை இருந்தால் அந்த இன்கியூபேற்றரில் காடை முட்டை வையுங்கள். 17, 18 நாளில் பொரித்துவிடும், சந்தையும் உண்டு.

அதிகாரிகள் தாயை அங்கேயே விட்டால், குஞ்சுகள் வெளிவந்த பிறகு சில நாளில் தோல் உரித்து ஒவ்வொன்றாய்ப் பிரிந்து போகும். தாய் அவற்றுக்கு இரை ஊட்டுவதில்லை, தானும் போய்விடும். வெறும் ஓடு மட்டும் கிடப்பதைக் கண்டபின் ஒரு வாரம் பொறுத்து, பட்டப்பகலில், முள்ளுக்கம்பால் மேலிருந்து கலைத்து எடுங்கள். அடுத்த போரைக் கோழிக்கூட்டிலிருந்து ஐம்பதடி தள்ளி, தரையில் படாமல் ஓரடி உயரத்தில் மரக்குற்றிகளின்மேல் பரண் கட்டிப் போடுங்கள்.