பதில்: உப்புச் சாலையில் ஓட்டி முன் பிரேக் இறுகுகிறது

சகோ, பைக்கின் பிரேக் லிவரை விட்ட பிறகும் முன்சக்கரம் இறுகியே நிற்கிறது, காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பகுதி) வெள்ளைப் பொடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அலுமினியம் அரித்து வரும் பொடி. இங்கிலாந்தில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவிய சாலையில் பனிக்காலம் முழுக்க வண்டி ஓட்டினால் இது வந்தே தீரும். பிரேக் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்தில் அந்தப் பொடி சேர்ந்து சீலை வெளியே தள்ளும், சீல் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே வரவைத்து, பிரேக் கிளீனரும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேயுங்கள். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதுசுதான் போட வேண்டும். சீலை எடுத்துப் பள்ளத்தைச் சுரண்டுகிற வேலை பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவுவதாகச் சொன்னீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். சூடு அரிப்பை வேகப்படுத்தும். ஓட்டிவந்த அன்றே குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு அலசினால் போதும். பிரஷர் வாஷரை பேரிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காய்ந்ததும் ஏசிஎஃப்-50 என்ற அரிப்புத் தடுப்பு ஸ்ப்ரே அடியுங்கள், டிஸ்க்கிலும் பேடிலும் மட்டும் படக்கூடாது. செயினுக்குத் தனியாக லூப் (மசகு) போடுங்கள்.

இன்னொன்று: கவுன்சில் (உள்ளாட்சி) உப்புப் போடுவது பெரும்பாலும் மெயின் ரோட்டில்தான். அதனால் உங்கள் வீட்டுத் தெருவின் முதல் வளைவில்தான் காலையில் வழுக்கும்.