ஆர்எக்ஸ் 100-க்கு 135 பிளாக்: லேத்துக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: அப்பா 1991-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பிருந்த இழுவை இல்லை, மேட்டில் திணறுகிறது. மெக்கானிக் ஒருவர், “135 பிளாக் போட்டுடலாம், வண்டி பறக்கும்” என்று 18 ஆயிரம் கேட்கிறார். ஆர்சியில் 98 சிசி என்று இருப்பதையும் ஆள் வைத்து மாற்றித் தருவாராம். போடலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, மாற்றிப் போட முடியும். உங்கள் வண்டியில் போட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஆர்எக்ஸ் 100-இல் பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர். அது ஏறி இறங்கும் தூரமும் 50. கணக்குப் போட்டால் 98 சிசி வரும். அதன் பெரிய அண்ணன் ஆர்எக்ஸ் 135-இல் ஏறி இறங்கும் தூரம் அதே 50, விட்டம் மட்டும் 58. அது 132 சிசி. தூரம் ஒன்றாக இருப்பதால்தான் ‘பிளாக்கை மாத்தினா போதும்’ என்ற பேச்சு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. மெக்கானிக் சொல்லாமல் விடும் வேலை ஒன்று இருக்கிறது. பெரிய பிளாக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லீவ் என்ற இரும்புக் குழாய், சின்ன இன்ஜினின் அடிக்கூடான கேஸின் வாய்க்குள் இறங்காது. வாயை லேத்தில் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கடைந்தால் கடைந்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கேஸ் என்பது பிஸ்டன் சுழற்றும் கிராங்கை மூடிவைக்கும் வெறும் பெட்டி இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் கேஸுக்குள்தான் போகும். பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பிறகுதான் மேலே ஏறும். கடைசல் கொஞ்சம் கோணலாகி நடுவில் வைக்கும் கேஸ்கெட் தாள் சரியாக உட்காராவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகும். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், ஒருநாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்றுவிடும். அப்போது பின்னால் லாரி வராமல் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இன்ஜின் நம்பர் அந்தக் கேஸில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. பிளாக் போனால் இன்னொரு பிளாக் கிடைக்கும். கேஸ் போனால் வேறு நம்பர் உள்ள கேஸ்தான் கிடைக்கும். அப்புறம் உங்கள் அப்பாவின் வண்டி காகிதத்தில் வேறு வண்டி. திருட்டு வண்டி இல்லை என்று நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும்.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? ஆர்எக்ஸ் 100-இன் சக்தி 11 குதிரை. கம்பெனியே விற்ற ஐந்து கியர் 135-க்கு 14. அந்த 14-உம் அதற்கென்றே வந்த கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் சேர்ந்து கொடுப்பது. பிளாக்கை மட்டும் மாற்றிவிட்டு கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வாய்ப்புதான் கூடும். கிராங்கும் சின்ன பிஸ்டனின் எடைக்குச் சமன் செய்யப்பட்டது. எடை கூடினால் கைப்பிடியில் நடுக்கம் தெரியும்.

சரி, மேட்டில் திணறுவது ஏன்? முப்பது வருட டூ ஸ்ட்ரோக்கில் நான் முதலில் பார்ப்பது சைலன்சர். உள்ளே இருக்கும் பேஃபிள் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் எத்தனை சிசி போட்டாலும் இழுக்காது. அடுத்து, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரீட் வால்வு. அதன் மெல்லிய தகட்டில் நுனி உடைந்திருக்கலாம். அதற்கப்புறம் கிராங்கின் இரண்டு பக்கத்து ஆயில் சீல். கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகை கக்கினால் கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாக ரேஸ் ஆனால் மேக்னெட் பக்கத்துச் சீலைச் சந்தேகப்படுங்கள். சீலின் விலை அற்பம், கூலிதான் செலவு. இவை எதையும் பார்க்காமல் ஒருவர் நேராக 135 பிளாக்குக்குப் போகிறார் என்றால் அவர் உங்கள் வண்டியைப் பார்க்கவில்லை, உங்கள் பர்ஸைப் பார்த்திருக்கிறார்.

இவ்வளவும் நன்றாக இருந்து பிளாக்தான் தேய்ந்திருக்கிறது என்றால் போரிங் அடிக்கலாம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதையும் ‘சிசி மாத்துறது’ என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பிளாக்குக்குள் இருக்கும் இரும்பு ஸ்லீவ் தேயத் தேயக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவதற்கென்றே செய்யப்பட்டது. 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நான்கு ஓவர்சைஸ் உண்டு. கடைசி 1.00 வரை போனாலும் விட்டம் 51 மில்லிமீட்டர், கொள்ளளவு 102 சிசி. இது தேய்மானத்துக்குச் செய்யும் பழுது, மாற்றியமைப்பு இல்லை. கேஸைத் தொடுவதில்லை, பெட்ரோலும் புகையும் போகும் துளைகளான போர்ட்டைத் தொடுவதில்லை. ஒரே எடுப்பில் 1.00-க்குப் போகச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். 0.25-இல் தேய்மானம் மறைகிறது என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். மீதி மூன்று சைஸ் உங்கள் மகனுக்கு. பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு அளவெடுத்துத்தான் கடையச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடித் தடிமன்கூட இல்லை. ‘எல்லா பிஸ்டனும் ஒரே அளவுதான் சார்’ என்று சொல்லும் பட்டறையிலிருந்து பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இடையில் ‘ஜப்பான் பிளாக் இருக்கு’ என்று ஒரு புரோக்கர் வருவார். 1985-இல் வந்த முதல் வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு இங்கே பூட்டப்பட்டவை என்பது உண்மை. அதை வைத்து இத்தனை வருடமாக ஒரு வியாபாரமே நடக்கிறது. பிளாக்கின் வெளியே பொறித்த எழுத்து எதுவாக இருந்தாலும் உள்ளே ஸ்லீவ் மூன்று முறை மாற்றியதாக இருக்கலாம். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். எழுத்துக்குக் காசு கொடுத்தேன், பிளாக்கில் விரிசல் இருந்தது.

இனி ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சியில் உள்ளது மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஆள் வைத்து’ 135 என்று எழுத வைப்பது அனுமதி இல்லை, காகிதத்தில் செய்யும் மோசடி. பிடிபட்டால் புரோக்கரின் கைப்பேசி அணைந்திருக்கும், உங்கள் பெயர்தான் ஆர்சியில் இருக்கும்.

இதைப் படித்து உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்குப் புரிகிறது. ஆர்சி புதுப்பிக்கும்போது பென்சிலால் சேசிஸ் நம்பரைத் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள், இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்ப்பார்கள், பிஸ்டன் விட்டத்தை யாரும் அளக்கப்போவதில்லை. மறைத்துச் செய்தவன் நிம்மதியாகப் போகிறான். முறையாக விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவனை நாலு ஜன்னல் அலையவிட்டு ஐந்தாவதில் ‘முடியாது’ என்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். 135-தான் வேண்டும் என்றால், ஆர்சியிலேயே 135 என்று உள்ள வண்டியைத் தேடி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த 18 ஆயிரத்தில் உங்கள் பழைய பிளாக்கை ‘எக்ஸ்சேஞ்சில் கழிச்சுக்கிறேன்’ என்று சொல்லியிருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள். 1991 வண்டியின் பிளாக்குக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. எந்த வேலை செய்தாலும் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பிளாக், ஹெட், ஆயில் பம்ப் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.