எந்தப் பகடையில் 6?

கேள்வி: ஐயா, இரண்டு பகடைகளை உருட்டியதில் குறைந்தது ஒன்றிலாவது 6 விழுந்திருக்கிறது. இரண்டிலுமே 6 விழுந்திருப்பதற்கு நிகழ்தகவு என்ன? ஒன்றில்தான் 6 இருக்கிறதே, மற்றதிலும் 6 வர 1/6 என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் 1/11 என்று இருக்கிறது. ஆறு முகப் பகடையில் 11 எங்கிருந்து வந்தது?
– ஒரு மாணவி

பதில்: அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாமல் கேட்டீர்களே, மகிழ்ச்சி. விடை 1/11தான்.

ஒரு கட்டத்தாளை எடுங்கள். ஒரு பகடை சிவப்பு, மற்றது வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். மேலே சிவப்பின் எண்கள், பக்கவாட்டில் வெள்ளையின் எண்கள். மொத்தம் 36 கட்டங்கள். 6 வரும் கட்டங்களுக்கு மட்டும் பென்சிலால் நிழலிடுங்கள். கடைசி நிரலில் (மேலிருந்து கீழ்) ஆறு கட்டங்கள், கடைசி நிரையில் (இடமிருந்து வலம்) ஆறு கட்டங்கள். மூலைக் கட்டம் இரண்டுக்கும் பொது. ஆக, 11. அந்த மூலைதான் இரட்டை 6. மீதி 25 கட்டங்களையும் உங்களுக்குக் கிடைத்த செய்தி அழித்துவிட்டது. எஞ்சியதே இப்போது கூறுவெளி, அதாவது நிகழக்கூடிய விளைவுகளின் முழுத் தொகுப்பு. ஒரு செய்தி தெரிந்தபின் கணக்கிடும் நிகழ்தகவுதான் நிபந்தனை நிகழ்தகவு; அதன் உயிர் இந்த அழிப்பில்தான் இருக்கிறது. சூத்திரத்தைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

'ஒன்றில்தான் 6 இருக்கிறதே' என்றீர்கள். எந்த ஒன்றில்? அதை யாரும் சொல்லவில்லை. 'சிவப்பில் 6' என்று சொல்லியிருந்தால் ஒரே நிரல், ஆறு கட்டங்கள். உங்கள் 1/6 சரியாகியிருக்கும்.

செய்தி எப்படிக் கிடைத்தது என்பதும் முக்கியம். பாடக் கணக்குகள் பெரும்பாலும் இதைத் தொடாமல் போவதில் எனக்கு வருத்தமுண்டு. மூடிய கிண்ணத்துக்குள் உங்கள் தோழி எட்டிப் பார்க்கிறாள். '6 ஏதாவது உண்டா?' என்று நீங்கள் கேட்டு, அவள் 'உண்டு' என்றால் 1/11. மாறாக, அவள் கண்ணை மூடி ஒரு பகடையை எடுத்துப் பார்த்து, '6' என்கிறாள். இப்போது 1/6! ஒற்றை 6 உள்ள பத்துக் கட்டங்களில் பாதித் தடவைதான் அவள் கைக்கு அந்த 6 அகப்படும். அதனால் அவை ஐந்து கட்டங்களுக்குச் சமம். இரட்டை 6 ஆனால் எப்போதும் அகப்படும். ஐந்தும் ஒன்றும் ஆறு.

மனம் இன்னும் ஒப்பவில்லையென்றால் 360 முறை உருட்டிக் குறித்துவையுங்கள். 6 தலைகாட்டியவை 110ஐ ஒட்டியும் இரட்டை 6 பத்தை ஒட்டியும் வரும். வகுக்கும்போது 360ஆல் வகுத்துவிடாதீர்கள்.