சுண்டெலிகளுக்கு வளர்ச்சிக் காரணி ஊசி போட்டு டைப் 1 சர்க்கரை நோயைத் தடுத்துவிட்டார்களாமே, குழந்தைகளுக்கு எப்போது வரும்?

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இந்த நோய் இருப்பது அண்மையில்தான் தெரியவந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்தச் செய்தியைப் படித்தாலும் இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் என்ஓடி சுண்டெலிகளைப் பராமரித்தவன். ஜப்பானில் உருவாக்கி 1980-இல் அறிவித்த இனம் அது. நாம் ஒன்றும் செய்யாமலே அதன் நோய் எதிர்ப்புச் செல்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடும். பிறந்த சில வாரங்களிலேயே உள்ளே அழற்சி தொடங்கிவிடும். சர்க்கரை ஏறுவது மாதக்கணக்கில் கழித்துத்தான். பெண் எலிகளுக்கே அதிகம் வரும். காலையில் கூண்டைத் திறந்ததுமே தெரிந்துவிடும்: மரத்தூள் நசநசவென்று நனைந்து கிடக்கும், தண்ணீர் பாட்டில் மளமளவென்று காலியாகியிருக்கும். வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் மீட்டர் 250-ஐத் தாண்டும்.

நீங்கள் கேட்ட வளர்ச்சிக் காரணியின் பெயர் ஜி-சிஎஸ்எஃப். அதைப் போட்ட கூண்டுகள் பலவற்றில் மரத்தூள் காய்ந்தே கிடந்தது. கீமோதெரபியில் வெள்ளணு குறைந்தவர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான். எலியில் அது தாக்கும் செல்களை அடக்கிவைக்கும் டி-ரெக் செல்களைப் பெருக்குகிறது. அந்த எலிகளைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: விடுமுறையிலும் வந்து ஊசி போட்டு, எடை பார்த்துக் குறித்துவைத்த எங்களில் ஒருவர் பெயர்கூட கட்டுரையின் நன்றியுரையில் வரவில்லை. இன்றும் உறுத்துகிறது.

சரி. ஊசியை எப்போது தொடங்கினோம் என்பதுதான் முக்கியம். சர்க்கரை ஏறுவதற்கு வெகு முன்பே, குட்டியாக இருக்கும்போதே. உங்கள் பிள்ளை விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. நோய் புதிதாக வந்த 89 பேரிடம் நடந்த சோதனை 2018-இல் வெளியானது. நோய் எதிர்ப்புச் செல்களைக் குறைக்கும் ஏடிஜி மருந்தை மட்டும் குறைந்த அளவில் பெற்றவர்களுக்குச் சொந்த இன்சுலின் சுரப்பு ஓரளவு காப்பாற்றப்பட்டது. அதோடு ஜி-சிஎஸ்எஃப் சேர்த்ததில் கூடுதல் பலன் இல்லை.

'அப்படியானால் எலிகளை வதைத்தது வீண்தானே' என்று யாராவது வருவார்கள். வீண் இல்லை. டெப்லிசுமாப் மருந்துக்கு வழிகாட்டிய ஆய்வு நடந்ததும் இதே எலிகளில்தான். ரத்தத்தில் ஆட்டோஆன்டிபாடிகள் (சொந்தச் செல்களையே குறிவைக்கும் எதிர்ப்புப் பொருள்கள்) இருந்து, சர்க்கரை அளவு மெல்லப் பிசகத் தொடங்கியும் நோய் முழுதாக வராதவர்களுக்கு அதைக் கொடுக்க 2022-இல் அமெரிக்கா அனுமதித்தது. சோதனையில் நோயைச் சுமார் 2 ஆண்டு தள்ளிப்போட்டது. ஆகவே பிள்ளைக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால், அவர்களுக்கு ஆட்டோஆன்டிபாடி பரிசோதனை எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.