சேற்றைத் தோண்டிப் பார்த்துப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மழையைச் சொல்கிறார்களே, அது குத்துமதிப்புத்தானே?

இல்லை. இந்த வேலையில் இளமையைச் செலவழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். பாடத்தில் 'வண்டல், மகரந்தம், ஐசோடோப்பு' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதை மட்டும் படித்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்குக் கைப்பழக்கமான சேறு ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவனாக அங்கே வேலை செய்தேன். சதுப்பில் விழுந்த புல்லும் இலையும் காற்றுப் படாததால் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கின்றன. பீட் என்பது அதுதான்.

அதை எடுக்கும் கருவி ஒரு பாதி உருளை. அதன் வாயை ஒரு பக்கத் தகடு மூடியிருக்க, அப்படியே அழுத்தி இறக்குவோம். வேண்டிய ஆழம் வந்ததும் கைப்பிடியை அரைச்சுற்று திருப்பினால், உருளை சேற்றை வெட்டிக்கொண்டு தகட்டின் மறுபக்கத்தில் போய் மறுபடி மூடிக்கொள்ளும். மேலே இழுத்துத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பழுப்பாக வந்த சேறு காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே கறுக்கும். அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எது மேல் எது கீழ் என்று எழுதிவிட வேண்டும்.

அப்புறம்தான் பொறுமையான வேலை. இன்றைய புல்லின் மெல்லிய வேர்கள் பழைய அடுக்குக்குள் இறங்கியிருக்கும். அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். விட்டுவிட்டால் புதிய கார்பன் கலந்து, சேறு உண்மையைவிட இளையதாகத் தெரியும். பிறகு அமிலத்திலும் காரத்திலும் கழுவி, கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து வயது பார்ப்பார்கள். செடி செத்ததிலிருந்து 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். எந்த ஆழம் எந்தக் காலம் என்பது இப்படித்தான் தெரிகிறது.

மழைக்கு வருவோம். சேறு மழையை நேரடியாக எழுதி வைப்பதில்லை, அங்கே என்ன முளைத்தது என்பதைத்தான் வைத்திருக்கிறது. மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் ஒரு வகையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வறட்சியைத் தாங்கும் பல புற்கள் இன்னொரு வகையில். முதல் வகையில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் குறைவு, இரண்டாவதில் அதிகம். இந்த வித்தியாசம் செடி செத்த பிறகும் மாறாமல் இருக்கும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரி பீட்டில் இதை அளந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் வறட்சிப் புற்கள் ஓங்கியிருந்தன. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக்காலம் வந்திருக்கிறது.

'பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடே குறைவு, அதுவும் அந்தப் புற்களுக்குச் சாதகம்தானே, வறட்சிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது' என்று யாராவது கருத்துப் பெட்டியில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஒரே ஒரு சதுப்பை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால் அரபிக்கடலின் மேற்கில் அடிநீர் மேலே வரும். அந்த நீரை விரும்பும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கடலடி வண்டலில் கூடும். அந்த வண்டலும் இதே ஈரக்காலத்தைக் காட்டுகிறது. காரணமும் தெரிந்ததுதான். இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். அன்று வடபாதியின் கோடையில் அருகில் இருந்தது. ஜூலை வெயில் இன்றைவிடச் சுமார் 7 சதவீதம் அதிகம். நிலம் கூடுதலாகச் சூடாகி, பருவக்காற்றை பலமாக இழுத்தது.

இதெல்லாம் யாருக்கு உதவும் என்று கேட்டால் எனக்குக் கோபமே வரும். நீலகிரிப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்த தரிசு என்று நெடுங்காலம் சொல்லி, ஆங்கிலேயர் காலம் தொட்டு அதில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். பனியுகத்திலேயே அங்கே புல் இருந்தது என்று சேறு சொல்கிறது. அப்போது உலகில் எங்குமே ஆடுமாடு வளர்ப்பு கிடையாது. பிற்காலத்தில் நெருப்பும் மேய்ச்சலும் புல்வெளியின் எல்லையை மாற்றியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோலையும் புல்லும் சேர்ந்ததுதான் அந்த மலை. புல்லைத் தரிசுக் கணக்கில் எழுதியது அநியாயம்.

இன்னொரு அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். சதுப்பில் முழங்கால் புதைய நின்று எங்களோடு கருவியை இழுத்த உள்ளூர் அண்ணனுக்குக் கொடுத்த கூலிக்கு, கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி பில் கேட்டது. கூலி வேலை செய்பவர் பில்லுக்கு எங்கே போவார்? கடைசியில் என் உதவித்தொகையிலிருந்துதான் கொடுத்தேன். அந்த உதவித்தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். ஆராய்ச்சிக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுபவர்கள் இதை முதலில் சரிசெய்யலாம்.

சரி, இந்தப் பதிவுகளை நம்பலாமா என்றால், நம்பலாம், பிழை வரம்போடு. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று மட்டும் இந்தச் சேற்றிடம் கேட்காதீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் கேட்டால் பதில் சொல்லும், சதுப்பு இருக்கும்வரை. உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் பீட் காற்றுப் பட்டு மட்கிவிடும். அப்புறம் அங்கே அளக்க ஒன்றும் இருக்காது.